உரைத்த கனவும் ஒளித்த கனவும்

நள்ளிரவிலே ஒரு பிள்ளை அலறிக்கொண்டு எழுகிறது. தாய் விளக்கைத் தூண்டுகிறாள்; பிள்ளையின் நெற்றியிலே திருநீற்றைப் பூசுகிறாள்; "என்ன ராசா, கனாக் கண்டனியோ?" என்று கேட்கிறாள். பிள்ளை விம்மி விம்மித் தான் கண்டதைச் சொல்கிறது. சொல்லி முடித்ததும் தாயின் மடியிலே மீண்டும் உறங்கிவிடுகிறது. நாயாற்றங்கரை வாடியிலும் நகரத்து மாடி வீட்டிலும் காலங்காலமாக நடந்துவரும் நிகழ்ச்சி இது. இதனுள் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. பிள்ளை தன் கனவைச் சொல்லுதல் ஒன்று. மூத்தோர் அதனைக் கேட்டல் மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று தவறினால் விளைவது யாது? நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவிலே எடுக்கப்பட்ட ஒரு திகிற்படம் இவ்வினாவையே தன் கருவாகக் கொண்டது. அப்படத்தின் வரலாற்றைத் தேடிச் செல்வோர் அமெரிக்கப் படமாளிகையிலே புறப்பட்டு, லாவோஸ் நாட்டு மலைகளைக் கடந்து, ஈற்றில் வன்னிக் கடற்கரைக்கே வந்து சேர்வர்.

அப்படத்தின் பெயர் 'எ நைட்மெயர் ஒன் எல்ம் ஸ்ரீற்'. 'எல்ம் வீதியிலே ஒரு கொடுங்கனா' என்று அதனைத் தமிழிற் கூறலாம். 1984 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அது வெளிவந்தது. கதையை எழுதி நெறிப்படுத்தியவர் வெஸ் கிரேவன் என்பவர். 1939 இற் பிறந்து 2015 இல் மறைந்த அவர், திரையுலகுக்கு வருமுன் கல்லூரி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். திரைப்படம் பார்த்தலையே தவறென எண்ணிய கண்டிப்பான சமயக் குடும்பத்திலே அவர் வளர்ந்தார் என்பது வியப்பான செய்தி.

கதை நிகழும் ஊர் ஸ்பிரிங்வூட் என்னும் கற்பனை ஊர். பதின்ம வயதினராகிய நான்கு தோழர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கனவைக் காண்கின்றனர். வெந்து கருகிய முகமும், பழைய தொப்பியும், விரல்தோறும் கத்தி பொருத்திய கையுறையும் கொண்ட ஒருவன் அக்கனவிலே அவர்களைத் துரத்துகிறான். ஏனைய கனவுகளிலே கண் விழித்தால் ஆபத்து நீங்கும். இக்கனவிலோ உறக்கத்திற் பட்ட காயம் விழித்த பின்னும் உடலில் இருக்கிறது. கனவில் மாண்டவர் படுக்கையிலும் மாண்டு கிடக்கின்றனர். நான்ஸி என்னும் மாணவி உறங்காதிருக்க முயல்கிறாள். கோப்பியைக் குடித்தும் மாத்திரைகளை விழுங்கியும் நாட்களைக் கடத்துகிறாள். அவள் சொல்வதைத் தாய் நம்பவில்லை. காவல் அதிகாரியாகிய தந்தையும் நம்பவில்லை. 'சிறிது உறங்கு, எல்லாம் சரியாகும்' என்பதே மூத்தோர் அனைவரும் கூறும் மருந்து.

ஆயின், அந்த மூத்தோர் அறியாதவர் அல்லர். ஒருநாள் தாய் மகளை நிலவறைக்கு அழைத்துச் சென்று உண்மையைக் கூறுகிறாள். பிரெடி குரூகர் என்னும் அவன் முன்னொரு காலத்தில் அவ்வூர்க் குழந்தைகள் பலரைக் கொன்றவன். வீட்டைச் சோதனையிடும் ஆணையிலே ஒப்பம் முறையாக இடப்படாமையால் நீதிமன்றம் அவனை விடுவித்தது. பெற்றோர் ஒன்றுகூடி அவனைத் தேடிப் பிடித்து உயிரோடு எரித்தனர். எரித்தபின் ஒருவரும் அதைப்பற்றி வாய்திறக்கவில்லை. அவனுடைய கையுறையைத் தாய் துணியிற் சுற்றி நிலவறைக் கணப்பிலே ஒளித்து வைத்திருந்தாள். மூத்தோர் நிலவறையில் ஒளித்ததை இளையோர் கனவிலே கண்டனர் என்பதே இக்கதையின் சாரம். இரத்தமும் அலறலும் நிறைந்த ஒரு படத்தினுள் இத்தகைய அறக்கருத்து பொதிந்திருத்தலாலேயே அது காலத்தைக் கடந்து நிற்கிறது எனலாம்.

படம் சிறு முதலில் எடுக்கப்பட்டுப் பெருவருவாயை ஈட்டியது. அதை வெளியிட்ட நியூ லைன் சினிமா என்னும் சிறு நிறுவனம் 'பிரெடி கட்டிய வீடு' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் அளவுக்கு வளர்ந்தது. ஜோனி டெப் என்னும் பிற்காலப் புகழ் நடிகர் முதன்முதலில் நடித்த படமும் இதுவே. தொடர்ச்சியாகப் பல படங்கள் பிறந்தன. பம்பாயின் ராம்சே சகோதரர் 1990 களிலே 'மஹாகால்' என்னும் இந்திப் படத்தை இதன் சாயலிலே எடுத்தனர். 2021 ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாத்தற்குரிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்துக்கொண்டது. இவையெல்லாம் புறக்கதை. இக்கதை எங்கிருந்து வந்தது என்பதே நாம் அறியவேண்டியது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் செய்தித்தாளில் வந்த சில சிறு செய்திகளே தமக்குக் கருவைத் தந்தன என்று கிரேவன் பின்னாளிற் பலமுறை கூறியுள்ளார். தென்கிழக்காசியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களின் இளைஞர் சிலர் உறக்கத்திலேயே இறந்தனர் என்பது செய்தி. அவர் நினைவுகூர்ந்தபடி, அவர்களுள் ஒருவன் உறங்கினால் மீளமாட்டேன் என்று பெற்றோரிடம் சொல்லிப் பல நாள் விழித்திருந்தான். அவன் ஈற்றில் அயர்ந்து உறங்கியபோது பெற்றோர் நிம்மதியுற்றனர். நள்ளிரவிலே அலறல் கேட்டு ஓடிச்சென்று பார்த்தபொழுது அவன் உயிரற்றுக் கிடந்தான். குடிக்கவெனக் கொடுத்த தூக்க மாத்திரைகளை அவன் விழுங்காது ஒளித்திருந்ததும், அறையிலே கோப்பிப் பாத்திரத்தை மறைத்து வைத்திருந்ததும் பின்னரே தெரியவந்தன.

இத்தகைய மரணங்கள் கற்பனையல்ல. லாவோஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்த மொங் என்னும் இனத்தார் பலர், வியட்நாம் போர்க் காலத்திலே அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஏற்பாட்டில் வாங் பாவோ என்னும் தளபதியின் கீழ் இரகசியப் போரொன்றிற் பங்குகொண்டனர். 1975 இல் லாவோஸ் கம்யூனிஸ்ட்டுகளின் கைக்கு மாறியதும் அவர்கள் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களிற் புகலடைந்தனர். ஆற்றில் மாண்டோரும் பலர். அங்கிருந்து பல்லாயிரவர் அமெரிக்க நகரங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1977 முதல் அவர்களிடையே விளங்காத மரணங்கள் நிகழலாயின. 1981 ஆம் ஆண்டின் இறுதிக்குள் தென்கிழக்காசிய அகதிகள் முப்பதுக்கு மேற்பட்டோர் இவ்வாறு இறந்திருந்தனர். அவர்களுட் பெரும்பாலார் மொங் இனத்தார். பிற்காலத்திலே இத்தொகை நூறையும் தாண்டியது. ஏறத்தாழ எல்லோரும் ஆடவர், முப்பது வயதை அடுத்தவர், நோயற்ற திடகாத்திரர்.

மருத்துவர் பிணங்களை அறுத்துப் பார்த்தும் காரணம் காணாது திகைத்தனர். 1992 இல் புருகாடா சகோதரர் என்னும் இருவர் இதயத் துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் ஏற்படும் ஒரு பிறவிக் கோளாற்றை விவரித்தனர். அக்கோளாறு உடையோர்க்கு, பெரும்பாலும் ஓய்விலும் உறக்கத்திலும், இதயம் திடீரெனத் தாளம் தவறி நின்றுவிடக்கூடும். தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் யப்பானிலும் நெடுங்காலமாக வெவ்வேறு பெயர்களால் வழங்கிய உறக்க மரணங்களிற் பலவும் இக்கோளாற்றோடு தொடர்புடையவை என ஆய்வாளர் கண்டனர். இருந்தும் ஒரு வினா எஞ்சியது. அக்கோளாறு மொங் மக்களுக்குத் தாயகத்திலும் இருந்திருக்கும். அமெரிக்காவுக்கு வந்த முதற் சில ஆண்டுகளில் மட்டும் மரணம் அவ்வாறு பெருகியது ஏன்?

ஷெல்லி அட்லர் என்னும் அறிஞர் மொங் மக்களோடு பேசி இதற்கு ஒரு விடை கூறினார். உறங்குவோரின் மார்பின்மேல் ஏறியமர்ந்து மூச்சை அடக்கும் 'தா சோ' என்னும் ஆவியை மொங் மக்கள் நம்பினர். ஊரில் இருக்கும்வரை அந்த ஆவிக்கு மாற்று இருந்தது. பூசாரியை அழைப்பர், பலி கொடுப்பர், முன்னோர்க்குப் படைப்பர். வேற்று நாட்டிலோ பூசாரி வேறொரு நகரில் இருந்தார். பலியிட அயலார் இடந்தரவில்லை. மதம் மாறியோர்க்குப் பழைய சடங்கும் இல்லாமற் போயிற்று. காப்பு நீங்கியது; அச்சம் மட்டும் கூடவே வந்தது. அந்த அச்சமும் போரின் நினைவும் சேர்ந்து, முன்னரே பழுதுற்ற இதயத்தை நிறுத்தியிருக்கலாம் என்பது அவர் கருத்து.

கிரேவனின் படத்தில் இம்மக்கள் ஒருவரும் இடம்பெறவில்லை. அகதியின் அச்சம் அமெரிக்க நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் அச்சமாக உருமாறியது. உலகமெல்லாம் அஞ்சி மகிழ்ந்த கதையின் அடியிலே, வீட்டையும் தெய்வத்தையும் ஒருங்கே இழந்த ஒரு சிறு குடியின் துயரம் புதைந்து கிடக்கிறது.

மார்பின்மேல் அமரும் ஆவி மொங் மக்களுக்கு மட்டும் உரியதன்று. 'நைட்மெயர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதி பழங்காலத்திலே உறங்குவோரை நெரிக்கும் பேயையே குறித்தது. 1781 இல் பியூசெலி என்னும் ஓவியர், உறங்கும் பெண்ணின் மார்பிலே குறளிபோன்ற ஓர் உருவம் குந்தியிருத்தலை வரைந்தார். நம்மவர் அதனை அமுக்குப் பேய் என்பர். 'கண் திறந்திருந்தது, வாய் திறக்கவில்லை, கையை அசைக்க இயலவில்லை, நெஞ்சிலே ஏதோ ஏறி அமுக்கியது' என்று சொல்லாத ஊர் இல்லை. 1953 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர் உறக்கத்திலே விழிகள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டெனக் கண்டனர். தெளிந்த கனவுகள் பெரும்பாலும் அந்நிலையிலே தோன்றுகின்றன. கனவில் ஓடும்போது கால்கள் உண்மையாகவே ஓடாதிருக்கும்பொருட்டு உடலின் தசைகள் அந்நேரத்திற் கட்டுண்டிருக்கும். கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிட்டால் அமுக்குப் பேய் வந்ததாகத் தோன்றும். அதனால் மட்டும் உயிருக்கு ஊறில்லை. சில கணங்களிற் கட்டுத் தானே அவிழும்.

இக்காரணத்தை அறியாத காலத்திலும் நம் முன்னோர் கனவைக் கையாளும் முறையை அறிந்திருந்தனர். பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், திருநீறு போடுதல் ஆகியவற்றைப் பகுத்தறிவாளர் எள்ளலாம். ஆயின், பார்வை பார்ப்பவர் முதலிற் செய்வது யாது? 'என்ன கண்டாய்?' என்று கேட்பதே. சிலப்பதிகாரத்திலே கண்ணகி கண்ட தீக்கனவைக் கூறும் பகுதிக்குக் கனாத்திறம் உரைத்த காதை என்பது பெயர். காணுதலைவிட உரைத்தலே அங்குத் தலைப்பாயிற்று. கணவனோடு பெருநகர் ஒன்றிற் புகுந்ததையும், பழி சுமத்தப்பட்டதையும், காவலன்முன் தான் வழக்குரைத்ததையும் அவள் தேவந்தியிடம் கூறுகிறாள், தோழி கேட்கிறாள். பின்னர்ப் பாண்டிமாதேவியும் கொடுங்கனாக் கண்டு, செங்கோலும் குடையும் வீழ்ந்ததை அரசனிடம் உரைக்கிறாள். அப்பொழுதே கண்ணகி வாயிலில் வந்து நிற்கிறாள். ஊரறியாது நிகழ்ந்த அநீதி அரண்மனைக்குள்ளே முதலிற் கனவாகவே புகுந்தது என்று காப்பியம் காட்டுகிறது. எல்ம் வீதிக் கதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் நேயர்கள் நோக்குதல் வேண்டும். இரண்டிலும் நீதி தவறுகிறது. இரண்டிலும் தீ எழுகிறது. ஆனால் கண்ணகி தன் வழக்கைப் பகலிலே, அவை அறிய உரைத்தாள். எல்ம் வீதிப் பெற்றோர் தம் செயலை இருளிலே செய்து நிலவறையிலே பூட்டினர்.

மதுரையை எரித்த கண்ணகி சினந்தணிந்து ஈழத்துக்கு வந்தாள் என்பதும், அவள் தங்கிய பத்தாம் இடமே வற்றாப்பளை என்பதும் வன்னி மக்களின் வழிவழி நம்பிக்கை. நந்திக்கடலோரத்து அக்கோவிலில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரால் விளக்கேற்றுவர். நாயாற்றுப் பக்கத்து மக்களுக்கும் அதுவே பெருங்கோவில். எரித்த தெய்வத்தை ஒளித்து வைக்காது, ஆண்டுதோறும் அழைத்துக் குளிர்வித்தல் இம்மண்ணின் முறை.

இனி நாயாற்றின் கதைக்கு வருவோம். முல்லைத்தீவுப் பட்டினத்துக்குத் தெற்கே, செம்மலைக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையே இக்கடனீரேரி கடலோடு கலக்கிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையின் சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து சிங்கள மீனவர் வந்து இங்கே வாடியடித்துத் தங்குவர். தமிழ் மீனவர் அயலிலே கரைவலை இழுப்பர். எல்ம் வீதிப் படம் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் இக்கரையின் உறக்கம் கலைந்தது. 1984 நவம்பர் 30 ஆம் நாள் கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியமர்த்தப்பட்டிருந்த சிங்கள மக்கள் பலரை விடுதலைப் புலிகள் கொன்றனர். மறுநாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இருந்த சிங்கள மீனவர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. டிசம்பர் 2 ஆம் நாள் ஒதியமலையிலே தமிழ் ஆடவர் பலர் கொல்லப்பட்டனர். அம்மாதத்திலேயே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் இராணுவத்தின் கட்டளையால் வீடு வாசலை விட்டு வெளியேறின. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் அவர்கள் தம் ஊரைக் காணவில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையிலே ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. 2009 மே மாதத்திலே நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திற் போர் முடிந்தது. எஞ்சியோர் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரிலேயே அம்முகாம் மூடப்பட்டது. பிணத்தைக் காணாமையால் ஈமக்கடனைச் செய்ய இயலாத வீடுகள் எத்தனையோ. காணாமலாக்கப்பட்டோர்க்கு விளக்கேற்றுவதா, வழிபார்த்திருப்பதா என்று அறியாத தாய்மார் எத்தனையோ பேர். மொங் மக்களுக்கு நேர்ந்தது போலவே, துயரைத் தணிக்கும் சடங்கே துயரத்தோடு பறிபோன நிலை இது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் இந்நிலையை ஆராய்ந்து, தனி மனிதர்க்கு உண்டாகும் மனவடுவைப் போலவே ஒரு சமூகம் முழுமைக்கும் மனவடு உண்டாதல் கூடும் என்று எழுதினார். 'வடுப்பட்ட மனங்கள்' என்று பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் 1998 இல் வெளிவந்தது. கொடுங்கனா, உறக்கமின்மை, நினைவு திடீரென மீளுதல் ஆகியவை இவ்வடுவின் அறிகுறிகள். கோவிற் சடங்கும் ஒப்பாரியும் கூடியழுதலும் மருந்தாகும் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரு சிறு முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களின் பின், வடகிழக்குக் கரையின் ஒரு முகாமிலே 8 முதல் 14 வரை வயதுடைய 31 பிள்ளைகள் தெரிவுசெய்யப்பட்டனர். அனைவரும் போரையும் பேரலையையும் கண்டு மனவடுவுற்றவர். உள்ளூரிற் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒவ்வொரு பிள்ளையோடும் ஆறு தடவை அமர்ந்தனர். ஒரு பகுதியினர்க்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. மறுபகுதியினர் தம் வாழ்க்கையைத் தொடக்கமுதல் கதையாகச் சொல்லினர். இம்முறையிலே பிள்ளை நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டி, மகிழ்ச்சியான நாளுக்குப் பூவையும் துன்பமான நாளுக்குக் கல்லையும் வைக்கும். பின்னர் ஒவ்வொரு கல்லையும் தொட்டு நடந்ததைக் கூறும். ஆலோசகர் பொறுமையோடு கேட்டு எழுதுவார். ஆறு மாதங்களின் பின் ஆராய்ந்தபோது கதை சொன்னோரில் 81 விழுக்காட்டினரும், தியானம் பயின்றோரில் 71 விழுக்காட்டினரும் நோய் நீங்கியிருந்தனர். பேரளவான ஆய்வன்று இது. ஆயினும், நாயாற்று வாடித் தாயின் கேள்வியும் ஆய்வாளரின் முறையும் ஒரே வழியிற் செல்வதை அது காட்டியது.

எல்ம் வீதிக் கதையிலும் நான்ஸி உய்ய முயலும் வழி ஏறத்தாழ இதுவே. ஓடி ஓடிக் களைத்த அவள் ஈற்றில் நின்று திரும்புகிறாள். 'உனக்கு நான் கொடுத்த வலிமை அனைத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்னும் கருத்துப்படக் கூறி அவனுக்கு முதுகைக் காட்டுகிறாள், அவன் மறைகிறான். மீண்டும் மீண்டும் வரும் கொடுங்கனாவைப் பகலிலே எழுதி, அதன் முடிவை மாற்றி, நாள்தோறும் மனத்திற் பயிலுமாறு மருத்துவர் இன்று கற்பிக்கின்றனர். ஆயினும், படத்தின் இறுதிக் காட்சியில் அச்சம் மீளவும் தலைகாட்டுகிறது. நான்ஸி தனியே போராடினாள். பெற்றோரோ ஊரறிய ஒருபோதும் உரைக்கவில்லை. அதனாலேயே அவன் மீண்டான் என்று கொள்வதிற் பிழையில்லை.

நாயாற்றுக் கரையிலே மீண்டும் வாடிகள் எழுந்துள்ளன. தொழிலிடம் பற்றிய பிணக்குகள் முற்றாகத் தீர்ந்தன அல்ல. 1984 இல் இக்கரையில் ஓடிய தமிழ்ப் பிள்ளையும், தந்தையை இங்கே இழந்த நீர்கொழும்புச் சிங்களப் பிள்ளையும் இன்று பேரப்பிள்ளை காணும் வயதினர். தம் பக்கத்துத் துயரத்தை அவர்கள் சொல்லியிருப்பர். தம் பக்கத்தார் செய்ததைச் சொன்னார்களா என்பதே கேள்வி. போரைக் காணாத பிள்ளைகள் இரு கரைகளிலும் பிறந்து வளர்கின்றனர். காணாததையும் கனவிலே காணும் ஆற்றல் பிள்ளைகளுக்கு உண்டு. வீட்டில் ஒரு பெயர் சொல்லப்படும்போது பேச்சு நின்றுபோவதை அவர்கள் கவனிக்கின்றனர்.

ஆகவே, இரவிலே அலறி எழும் பிள்ளைக்கு 'ஒன்றுமில்லை, படு' என்று சொல்லாதிருப்போமாக. என்ன கண்டாய் என்று கேட்போமாக. பிள்ளை திருப்பி நம்மை ஒன்று கேட்குமாயின், அதற்கு மெய்யான விடையைப் பகலிலே, வெளிச்சத்திலே சொல்வோமாக.